விடுபட்ட 19 ஆண்டுகளை நிரப்பத்தான் வேண்டுமா? ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ 1983, 1996

கடைசிப்பக்கம்

அமெரிக்க நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லின் 2025 மார்ச் 29 அன்று மறைந்தார். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் 91 வயது நிறைந்திருக்கும். அந்தச் செய்தி வந்த நாள் முதல் ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ குறுந்தொடரை மறுபடி பார்க்கவேண்டும் என்று மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. சென்ற வாரம் நான்கு பகுதிகளையும் பார்த்து முடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 1996இல் வந்த ‘விடுபட்ட ஆண்டுகள்’ என்ற பின்தொடரையும் அடுத்த இரண்டு இரவுகளில் பார்த்தேன். மனம் ஆறவில்லை, எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் டிரோகடா என்ற பெரிய ஆட்டுப்பண்ணை. அங்கே திருச்சபையின் தண்டனையாக அனுப்பப்பட்ட இளம் பாதிரியார் ரால்ஃப் (சேம்பர்லின்). பண்ணைக்கு வேலைக்கு வரும் குடும்பத்தின் ஒரே பெண் குழந்தை மெகி. அவள் வளர்கிறாள், காதலிக்கிறாள். ரால்ஃபுக்கும் காதல் உண்டு, ஆனால் ரோமாபுரியின் பதவி ஆசை அதைவிடப் பெரிது. ஒரு தீவில் சில நாட்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். அவர் திரும்பிப் போய்விடுகிறார். டேன் பிறக்கிறான். அவன் தன் மகன் என்பது ரால்ஃபுக்குத் தெரியாது.

மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி தொடங்கும்போது 19 ஆண்டுகள் ஓடிவிட்டிருக்கும். தொடர் அதை விளக்குவதில்லை. ரால்ஃப் நரைத்த தலையோடு டிரோகடாவுக்கு வருகிறார், மெகி அவரைப் பார்க்கிறாள். அந்த ஒரு பார்வையில் 19 ஆண்டுகளும் அடங்கியிருக்கின்றன. 1996 தொடர் செய்தது என்ன? அந்த இடைவெளிக்குள் ரால்ஃபைக் கூட்டிவந்து மெகியின் முன்னால் நிறுத்திவிட்டது. இரண்டாம் உலகப்போர், வறட்சி, மெகி பிரிந்துவந்த கணவன் லூக் திரும்பிவந்து டேனைத் தன் மகன் என்று உரிமை கொண்டாடுவது என்று சம்பவங்களை அடுக்கிவிட்டது. சந்திக்காமல் இருந்ததுதான் கதை. சந்தித்துவிட்டார்கள் என்றால் நான்காம் பகுதியின் அந்தப் பார்வைக்கு என்ன பொருள் மிச்சமிருக்கிறது?

மாலைத்தூறல்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பின்தொடரை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடுவதை ஏற்கமாட்டேன்.

1983 தொடரில் அந்த 19 ஆண்டுகளின் சுமையைச் சுமந்தது யார்? மெகி. கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அவள். மகனின் முகத்தில் அவன் தந்தையின் சாயல் தெரியத்தெரிய, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்திருப்பாள். ஜஸ்டீன் லூக்கின் மகள், டேன் ரால்ஃபின் மகன், ஒரே வீட்டில் இருவரையும் வைத்துக்கொண்டு ஒருத்திமேல் பாசம் குறைவதையும் உணர்ந்திருப்பாள். இதில் எதையாவது பழைய தொடர் காட்டியதா? நரைத்த தலையோடு ஆண் திரும்பி வரும்போதுதான் அவளுடைய வாழ்க்கையும் மறுபடி தொடங்குகிறது, அவர் வராத வருடங்களில் அவள் இருக்கவே இல்லை என்பதுபோல. அந்த இடைவெளியை நீங்கள் அழகு என்கிறீர்கள். எனக்கு அது தப்பித்தல்.

1996 தொடர் குறையில்லாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருடங்களில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டது அதுதான். மழை பொய்த்த பண்ணையில் கடனோடும் ஆடுகளோடும் போராடுகிற மெகியை அதில்தான் பார்த்தேன்.

கடைசிப்பக்கம்

கேள்வி நல்ல கேள்வி. பதிலைப் பாருங்கள். மெகியின் தனிமையைக் காட்டவேண்டும் என்றால் அவளைத் தனியாக விட்டிருக்கவேண்டும். ரால்ஃபை ரோமிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தபின் எங்கே தனிமை? நீங்கள் சொல்லும் அந்தப் பண்ணைக் காட்சிகள் எவ்வளவு நேரம் வருகின்றன? மீதி நேரம் முழுக்கப் பழைய மயக்கம், பழைய தவிப்பு, பழைய பிரிவு. மூன்றாம் பகுதியில் பார்த்ததையே இன்னொருமுறை காட்டுகிறார்கள். இரண்டாம் முறை பிரியும்போது கண்ணீர் வரவில்லை எனக்கு.

நம் அகப்பாடல்களில் பிரிவைப் பாடாதவர்கள் இல்லை. தலைவி காத்திருப்பதைப் பாடுவார்கள், கார்காலம் வந்தும் தேர் வரவில்லையே என்பார்கள். பாட்டு அந்தக் காத்திருப்போடு முடிந்துவிடும். நடுவில் ஒருமுறை வந்துவிட்டுப் போனான் என்று ஒரு புலவன் எழுதியிருந்தால் கார்காலத்துக்கே வேலை இல்லாமல் போயிருக்கும்.

மாலைத்தூறல்

அகப்பாடலை நீங்களே இழுத்துவிட்டீர்கள். காத்திருக்கும் முல்லையை மட்டுமா பாடினார்கள்? பாலையையும்தானே பாடினார்கள்! தலைவன் நடந்த வழி, நீரில்லாத காடு, நிழலில்லாத மரம், பொருளா காதலா என்று நடுவழியில் நின்று தன் நெஞ்சோடு அவன் போடும் சண்டை எல்லாம் விரிவாக இருக்கின்றன. பிரிந்தவனின் வழியைச் சொல்வது பிரிவைக் கெடுத்துவிடாது. பின்தொடரில் ரால்ஃப் போர்க்கால ரோமில் அகதிகளுக்கு உதவுகிறார். பதவிக்காக ஒரு பெண்ணை விட்டுவந்த மனிதர், அந்தப் பதவியை வைத்து உருப்படியாக என்ன செய்தார் என்ற கேள்விக்கு அங்கேதான் ஒரு பதில் கிடைக்கிறது. 1983 தொடரில் அவர் மேலே மேலே ஏறுகிறார், சிவப்பு அங்கி அணிகிறார், அவ்வளவுதான். போர் என்று ஒன்று நடந்ததே அதில் தெரியாது.

நூலகத்து எறும்பு

இரண்டு பேரும் தொடர்களுக்குள்ளேயே நிற்கிறீர்கள். காலீன் மெக்கல்லோ 1977இல் வெளியிட்ட நாவலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ‘விடுபட்ட ஆண்டுகள்’ என்ற பெயரே தவறு. அந்த ஆண்டுகள் நாவலில் விடுபடவே இல்லை.

நாவலில் ஏழு பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதரின் பெயர், காலமும் குறிக்கப்பட்டிருக்கும். மெகி, ரால்ஃப், பாடி, லூக், ஃபீ, டேன், ஜஸ்டீன். இதில் 1938 முதல் 1953 வரையிலான பாகத்துக்கு யார் பெயர் தெரியுமா? ஃபீ. மெகியின் தாய். நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த வருடங்களை ஆசிரியர் தாய்க்குக் கொடுத்திருக்கிறார்.

ஏன் கொடுத்தார் என்று யோசியுங்கள். ஃபீயும் இளமையில் மணக்கமுடியாத ஒருவனை நேசித்தவள். அவனுக்குப் பிறந்த மகன்தான் ஃபிராங்க். மற்ற பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்காமல் அவன் ஒருவன்மேல் உயிரை வைத்தாள், அவனும் வீட்டைவிட்டுப் போய்க் கொலைக்குற்றத்தில் சிறைக்குள் கிடந்தான். அதே தவற்றைத் தன் மகள் செய்வதை ஃபீ வருடக்கணக்கில் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டேன் யாருடைய பிள்ளை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கடைசியில் அவள் வாய்திறக்கும்போது, ஒருவரையொருவர் தொடாமலே வாழ்ந்த தாயும் மகளும் முதன்முறையாக ஒரே துயரத்தில் உட்காருகிறார்கள். முதிர்ந்த ஃபிராங்க் சிறையிலிருந்து வீடு திரும்புவதும் அந்தப் பாகத்தில்தான்.

போரும் நாவலில் உண்டு. மெகியின் இரட்டைத் தம்பிகள் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் ரால்ஃப் ஓர் இளம் ஜெர்மானியப் படைவீரனைச் சந்திக்கிறார். அவன்தான் ரெய்னர். பின்னாளில் ஜஸ்டீனின் கணவனாகப் போகிறவன். எதிரிப் படையின் சீருடையில் ஒரு சிறுவன் பேராலயத்தின் இருட்டில் நிற்கிறான், அவனோடு ஒரு பாதிரியார் பேசுகிறார். இதைவிட நல்ல போர்க்காட்சி யாருக்கு வேண்டும்? 1983 தொடரில் ரெய்னர் நான்காம் பகுதியில்தான் வருகிறார். அந்தச் சந்திப்பை எடுப்பதற்கு 1996இல் நல்ல வாய்ப்பு இருந்தது. விட்டுவிட்டார்கள். நாவலில் இருந்த பொன்னை எடுக்காமல், இல்லாத ஒரு வழக்கைப் புதிதாக உண்டாக்கினார்கள். என் கோபம் அதுதான்.

மாலைத்தூறல்

ஃபீயின் பாகம் பற்றிச் சொன்னது என்னை யோசிக்க வைத்துவிட்டது. நாவலைப் பல வருடங்களுக்குமுன் படித்தது, தலைப்புகளைக் கவனித்த நினைவில்லை. ஆனால் ஒன்று: நீங்கள் சொல்வது 1983 தொடரின்மேலும் விழும் குற்றச்சாட்டுதானே? 15 வருடக் கதையை வெட்டி எறிந்தது முதலில் அவர்கள்தானே?

நூலகத்து எறும்பு

ஆம். அதை மறைக்கமாட்டேன். ஆனாலும் அவர்களிடம் ஜீன் சிமன்ஸ் இருந்தார். ஃபீயாக அவர் அதிகம் பேசுவதே இல்லை. கணவன் பாடி காட்டுத்தீயில் எரிந்து, மகன் ஸ்டூவர்ட் காட்டுப்பன்றி தாக்கி ஒரே நேரத்தில் இறந்தபின், அவருடைய முகத்தில் ஒரு வெறுமை வந்து உட்காரும். கதை முடியும்வரை அது முழுதாக விலகாது. எம்மி விருது அவருக்குக் கிடைத்தது சரியான தீர்ப்பு. டிரோகடாவின் சொந்தக்காரியும் பாடியின் அக்காவுமான மேரி கார்சனாக வந்த பார்பரா ஸ்டான்விக்குக்கும், பாடியாக வந்த ரிச்சர்ட் கைலிக்கும் எம்மி கிடைத்தது. ஒரு காதல் தொடரில் விருது வாங்கிய நடிகர்கள் மூவருமே காதலர்கள் இல்லை, மூத்த தலைமுறை. இதையும் யோசித்துப் பாருங்கள்.

கடைசிப்பக்கம்

ஸ்டான்விக்கைச் சொன்னதற்கு நன்றி! அவரைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொடரை ஒப்பிடவே முடியாது.

மேரி கார்சனின் 75ஆவது பிறந்தநாள் விருந்து. மெகி ‘ரோஜாச் சாம்பல்’ என்று அவர்கள் சொல்லும் அந்த மங்கிய இளஞ்சிவப்பு உடையில் வந்துவிட்டுப் போயாகிவிட்டது. இரவு. கிழவி தன் அறை வாசலில் ரால்ஃபை நிறுத்தி முத்தம் கேட்கிறாள். அவர் மறுக்கிறார். அப்போது அவள் பேசுவதைக் கேளுங்கள். உடம்பைச் சிதைத்துவிட்டு, வருந்துவதற்கு மட்டும் அறிவை மிச்சம் வைக்கிற கடவுளைத் திட்டுகிறாள். இந்த முட்டாள் உடம்புக்குள் நான் இன்னும் இளமையாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். ஸ்டான்விக் குரலை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் அது உடையும் இடத்தில் உடையவிடுகிறார். கதவு சாத்தப்படுகிறது. விடிவதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். மறுநாள் அவளுடைய உயில். 1 கோடியே 30 லட்சம் பவுண்டு சொத்தும் ரால்ஃபின் வழியாகத் திருச்சபைக்கு. உயிரோடு இருந்து வாங்கமுடியாத மனிதரை இறந்தபின் வாங்குகிறாள்.

ரால்ஃபுக்கு எதிரே இப்படி ஒரு ஆள் நின்றால்தான் அவருடைய ஆசையின் எடை தெரியும். பின்தொடரில் அவருக்கு எதிரே நிற்பது லூக். பிள்ளையைக் கேட்டு வரும் முரடன். லூக்கை எதிர்ப்பதற்கு ரால்ஃப் தனக்குள் எதையும் இழக்கவேண்டியதில்லை. கிழவிக்கு எதிரே அவர் தோற்றார், அதனால்தான் அவரை இத்தனை வருடம் மறக்கமுடியவில்லை.

முதல்வரிசை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கல்லூரி மாணவன். இதில் எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. கதை நடக்கும் காலவரிசையில் பார்ப்போம் என்று எண்ணி, பழைய தொடரின் மூன்று பகுதிகள், பிறகு 1996 தொடர், பிறகு நான்காம் பகுதி என்று பார்த்தேன். அக்கா (கடைசிப்பக்கம் அவர்களைச் சொல்கிறேன்) சொன்ன அந்தப் பார்வை எனக்கு விளங்கவே இல்லை. போன பகுதியில்தானே பார்த்துக்கொண்டார்கள், இப்போது ஏன் இப்படித் திகைத்து நிற்கிறார்கள் என்று தோன்றியது. வளர்ந்த டேனை ரால்ஃப் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தபோது, எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இப்போதுதான் தெரிகிறது, தவறவிட்டது நான் இல்லை.

இன்னொரு சந்தேகம். மெகி திடீரென்று வேறு முகமாக மாறியது ஏன்?

கடைசிப்பக்கம்

தம்பி, என் வழக்குக்கு உன்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தயவுசெய்து ஒருமுறை நான்கு பகுதிகளை மட்டும் தொடர்ந்து பார்.

முகம் மாறியதற்குக் காரணம் எளிது. 1983இல் மெகி ரேச்சல் வார்ட். 1996இல் அமண்டா டோனஹோ. பழைய நடிகர்களில் திரும்பி வந்தவர் சேம்பர்லின் மட்டும்தான் என்று சொல்லலாம். ரோமில் ரால்ஃபின் வழிகாட்டியான கர்தினால் விட்டோரியோவாகக் கிறிஸ்டோபர் பிளம்மர் இருந்த இடத்தில் மாக்ஸிமிலியன் ஷெல். ஃபீயாக ஜூலியா பிளேக். லூக் பிரையன் பிரௌன் அல்ல, சைமன் வெஸ்ட்அவே. ஒளிபரப்பியதுகூட வேறு நிறுவனம், முதலாவது ஏபிசி, இரண்டாவது சிபிஎஸ். இசையமைத்த ஹென்றி மான்சினி 1994இலேயே போய்விட்டார்.

சேம்பர்லினின் வயதைக் கணக்குப் போட்டுப் பார். 1983 மார்ச் 30 அன்று நான்காம் பகுதி ஒளிபரப்பானது. மறுநாள் அவருக்கு 49 வயது. நரையும் தள்ளாமையும் ஒப்பனையால் வந்தவை. 1996 பிப்ரவரியில் அவருக்கு 61. ஆனால் பாத்திரமோ ஐம்பதைத் தொடும் மனிதர். முதலில் நடுவயதுக்காரர் கிழவராக நடித்தார், பிறகு அறுபதைத் தாண்டியவர் நடுவயதுக்காரராக நடித்தார். அவரை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நடையில் களைப்பு தெரிந்தது.

மாலைத்தூறல்

வயதுக் கணக்கு என்றால் முழுதாகப் போடுங்கள். நாவலின்படி 1915இல் மெகிக்கு நான்கு வயது. போர் நடக்கும்போது முப்பதைத் தாண்டியவள். டோனஹோவுக்கு அப்போது 33. அந்தக் காலகட்டத்து மெகிக்குச் சரியான வயது. ரேச்சல் வார்ட் முதல் தொடரின்போது 25 வயதுப் பெண், அவருக்கு நரை பூசி வளர்ந்த பிள்ளைகளின் தாயாக நிறுத்தினார்கள். நான்காம் பகுதியில் டேனுக்கு அம்மாவாக அவரை நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. டோனஹோவிடம் ஓர் உறுதி இருந்தது. அவர் ரால்ஃபைப் பார்க்கும்போது கெஞ்சவில்லை, கணக்குக் கேட்டார். அந்தக் கோபம் பழைய மெகியிடம் இவ்வளவு வெளிப்படையாக இல்லை.

மண்ணைப் பற்றியும் யாரும் பேசவில்லை. 1983இல் டிரோகடாவைக் கலிபோர்னியாவிலும், குயின்ஸ்லாந்தின் கரும்புக் காட்டை ஹவாயிலும் எடுத்தார்கள். முக்கிய வேடங்களில் ஆஸ்திரேலியர் பிரையன் பிரௌன் ஒருவரே. பின்தொடரை ஆஸ்திரேலியாவிலேயே எடுத்தார்கள், ஜாக் தாம்ப்சன் போன்ற அந்நாட்டு நடிகர்களோடு. வறட்சி என்றால் எப்படி இருக்கும் என்று அந்த மண் தானே காட்டியது.

நூலகத்து எறும்பு

மண் விஷயத்தில் மாலைத்தூறல் சொல்வதுதான் சரி. நாவலில் ஆட்களைவிட நிலம்தான் பெரியது. வறட்சி, தீ, தீக்குப்பின் வரும் மழை, முயல்கள், ஈக்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார் மெக்கல்லோ. 1983 தொடரில் நிலம் அழகான பின்திரை. அவருக்கே அந்தத் தொடர் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னவர்.

கடைசிப்பக்கம்

நிலத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். டோனஹோவின் கோபத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அது எனக்கும் பிடித்தது. ஆனால் மாலைத்தூறல், ஒரே ஒரு இடத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

டேன் பாதிரியாராகிவிட்டான். கிரேக்கக் கடலில் பிறரைக் காப்பாற்றப் போய் இறந்துவிடுகிறான். உடலை மீட்டுத்தரக் கேட்டு மெகி ரால்ஃபிடம் வருகிறாள். அங்கே, அப்போதுதான், அவன் உன் மகன் என்று சொல்கிறாள். அந்த நொடியில் ரால்ஃப் எதை இழக்கிறார்? ஒரு மகனை மட்டும் இல்லை. அவன் நடை பழகியது, பல் விழுந்தது, காய்ச்சலில் கிடந்தது, எதையும் பார்க்காத வருடங்கள் எல்லாவற்றையும் ஒரே நொடியில் இழக்கிறார். பார்வையாளராகிய நமக்கும் அந்த வருடங்கள் தெரியாது. அவரோடு சேர்ந்து நாமும் வெறுங்கையோடு நிற்கிறோம். சிறுவன் டேனோடு ரால்ஃப் சேர்ந்து நிற்கும் காட்சியை 1996இல் நமக்குக் காட்டிவிட்டார்கள். அந்த வெறுங்கையில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டார்கள். கருணையோடுதான் வைத்தார்கள், தெரிகிறது. ஆனால் வைத்திருக்கக்கூடாது.

மாலைத்தூறல்

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான்காம் பகுதியின் அந்தக் காட்சியை மட்டும் நேற்றிரவு போட்டுப் பார்த்தேன். சேம்பர்லின் உடனே அழவில்லை, கவனித்தீர்களா? முதலில் புரிந்துகொள்ள முயல்கிறார். எதையோ மனத்துக்குள் எண்ணிப் பார்ப்பதுபோல் ஒரு முகம். அந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பின்தொடரில் ரால்ஃபை டிரோகடாவுக்கு அழைத்து வந்தது தவறு.

மெகியின் வருடங்களைச் சொன்னது தவறு என்று மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ரால்ஃபை ரோமிலேயே விட்டுவிட்டு, பண்ணையில் தாயும் மகளும் இரண்டு குழந்தைகளும் மட்டும் இருக்கும் ஒரு தொடரை எடுத்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கடைசிப்பக்கம்

பார்த்திருப்பேன். நான்கு இரவுகள் வேண்டாம், இரண்டு இரவுகள் போதும். ஜீன் சிமன்ஸ் அதில் இருந்திருந்தால் அதன்பிறகு நான்காம் பகுதியையும் மறுபடி பார்த்திருப்பேன்.

முதல்வரிசை

அக்கா, முதல் பகுதியிலிருந்து தொடங்கிவிட்டேன். இந்த முறை நடுவில் எதையும் சேர்க்கவில்லை. ஃபீயைக் கவனித்துப் பார்க்கிறேன்.

நூலகத்து எறும்பு

அப்படியே நாவலையும் எடு தம்பி. ஐந்தாம் பாகம் வந்ததும் இங்கே வந்து எழுது.